இரும்பு மட்டும் மெய்யா?

என் அப்பா கப்பல் அறுத்தார். நான் கப்பலுக்குப் பெயர் எழுதினேன். தாருக்கானாவில் அவர் கேஸ் கட்டரோடு நின்ற இடத்துக்கும், இந்திரா டாக்கில் நான் பலகை ஊஞ்சலில் தொங்கிய இடத்துக்கும் நடுவே ஹார்பர் லைனில் நாலு ஸ்டேஷன்தான். காலையில் தாராவியிலிருந்து ஒன்றாகவே கிளம்புவோம். ரேய் ரோட்டில் அவர் இறங்கிக்கொள்வார். நான் வி.டி. வரைக்கும் போய், அங்கிருந்து நடப்பேன்.

அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து 1958-ல் பம்பாய் வந்தவர். முதலில் தாராவியில் தோல் கிடங்கு, பிறகு தாருக்கானா. அந்தப் பெயருக்கு வெடிமருந்துக் கிடங்கு என்று பொருள். என் நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கே பழைய கப்பல்களும் பழைய இரும்பும்தான். ஆக்சிஜன் ஒரு குழாயில், கேஸ் ஒரு குழாயில். தகடு சிவந்து உருகும்போது அதன் மேலிருக்கும் பெயின்ட்தான் முதலில் எரியும். அந்தக் காலத்தில் கப்பல் தகட்டில் துருப் பிடிக்காமலிருக்க முதல் பூச்சாக ரெட் லெட் அடிப்பார்கள். ஈயத்தில் செய்த ஆரஞ்சுச் சிவப்பு. அதன் புகையைத்தான் அப்பா முப்பது வருஷத்துக்கும் மேல் மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு சுவாசித்தார். நான் பூசியதை அவர் எரித்தார் என்று சொன்னால் கதை மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் அது நடந்தது.

நான் போர்டு ஆர்ட்டிஸ்ட். நைன்டி ஃபீட் ரோட்டில் ஓர் அண்ணாச்சியிடம் பிரஷ் கழுவித் தொழில் கற்றேன். சலூன், டெய்லர் கடை, கட்சிச் சுவர், கோயில் கொடை நோட்டீஸ், லாரியின் பின்பலகை என்று எல்லாம் எழுதினேன். 1984-ல் ஒரு கான்ட்ராக்டர் மூலம் டிரை டாக் வேலைக்குப் போனேன். 1914-ல் திறந்த ஹியூஸ் டிரை டாக் ஆயிரம் அடி நீளம். தண்ணீரை இறைத்துவிட்ட பிறகு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், கடலில் பாதி மறைந்தே கிடந்த கப்பல் முழு உடம்போடு கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும். முதல் நாள் எனக்குக் கோயில் கர்ப்பக்கிரகத்துக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. பார்க்கக் கூடாததைப் பார்க்கிறோமோ என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

எங்களுக்கு அங்கே மூன்று எழுத்து வேலை. ஒன்று, கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று காட்டும் எண்கள். பத்து சென்டிமீட்டர் உயரம். எண்ணின் அடிப்பகுதியைத் தண்ணீர் தொட்டால் அந்த அளவு. இரண்டாவது, எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்று காட்டும் வட்டமும் கோடும். வட்டம் 300 மில்லிமீட்டர், கோடு 450. பக்கத்திலே வெயில் கால உப்புநீருக்கு ஒரு கோடு, குளிர் காலத்துக்கு ஒன்று, நன்னீருக்கு ஒன்று. மூன்றாவது, பெயர். முன்னால் இரண்டு பக்கமும், பின்னால் ஒரு தடவை ஊர்ப் பெயரோடும்.

பெயரைச் சும்மா பெயின்ட்டில் எழுதினால் உப்புத் தண்ணீர் தின்றுவிடும். அதனால் முதலில் நான் சாக்பீஸில் எழுத்தின் ஓரத்தை வரைவேன். அந்தக் கோட்டின் மேலேயே வெல்டர் வெல்டிங் ஓட்டுவார். எழுத்து தகட்டிலிருந்து புடைத்து நிற்கும். அடுத்த தடவை யார் வந்தாலும் அந்த வரம்புக்குள் வெள்ளை அடித்தால் போதும். கப்பலை விற்று, வாங்கியவர் வேறு பெயர் வைத்தாலும் பழைய எழுத்தைப் பல சமயம் செதுக்கி எடுப்பதில்லை. மேலே பெயின்ட் அடித்து மறைத்துவிடுவார்கள். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது பழைய பெயர் நிழலாய்த் தெரியும். அறுக்க வரும் கப்பல்களில் இரண்டு பெயர், மூன்று பெயர் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும் என்று அப்பா சொல்வார். கடைசிப் பயணத்துக்காகவே பெயரில் பாதி எழுத்தை அழித்து, மிச்சத்தையே புதுப் பெயராக வைத்துக்கொண்டு வருவதும் உண்டு.

1987-ல் நான் பெயர் எழுதிய ஒரு சின்னச் சரக்குக் கப்பல் 1996-ல் தாருக்கானாவுக்கு வந்தது. எனக்குத் தெரியாது. ஒருநாள் ராத்திரி அப்பா கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"எலேய், இன்னைக்கு உன் எழுத்தப் பாத்தேன்."

அவருக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. தமிழே கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான். "எப்படிப்பா என் எழுத்துன்னு தெரிஞ்சுது?" என்றேன்.

"ஒரு எழுத்துக்குக் கால நீட்டிப் போடுவியே, நடக்கப் போற மாதிரி. நம்ம தெருவுல எல்லாக் கடையிலயும் அப்படித்தான போட்டு வச்சிருக்க."

ஆங்கில 'ஆர்' எழுத்தைச் சொல்கிறார். வெள்ளை போயே போய்விட்டதாம். வெல்டிங் வரம்பு மட்டும் துருவோடு இருந்திருக்கிறது. அப்பா அந்த எழுத்துகளைத் தொடாமல் சுற்றி அறுத்திருக்கிறார். பெயர் உள்ள தகட்டை மட்டும் தனியாக எடுத்து, மேஸ்திரியிடம் கேட்டு, இரண்டு நாள் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். மூன்றாம் நாள் அதுவும் லாரியில் ஏறிவிட்டது. இரும்புக்கு எடைதான் கணக்கு. அறுக்க வரும் கப்பலையே டன்னுக்கு இவ்வளவு என்றுதான் வாங்குவார்கள். எந்தக் கடலைத் தாண்டியது, யாரை ஏற்றியது என்பதற்கெல்லாம் தராசில் இடமில்லை.

இரண்டு வருஷம் கழித்து மாட்டுங்காவில் ஓர் உபந்யாசத்துக்குத் துணி பேனர் எழுதினேன். கூலி வாங்கப் போனவனைக் காத்திருக்கச் சொன்னார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு உட்கார்ந்தவன் நாலு நாளும் போனேன். சாந்தோக்ய உபநிஷதத்தின் ஆறாம் பகுதி. பன்னிரண்டு வருஷம் படித்துவிட்டுக் கர்வத்தோடு திரும்பி வந்த மகன் சுவேதகேதுவுக்கு அப்பா உத்தாலகர் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு மண்ணாங்கட்டியை அறிந்தால் மண்ணால் செய்த எல்லாவற்றையும் அறிந்த மாதிரி. பானை, சட்டி என்பதெல்லாம் வாயால் வைத்த பெயர். மண் என்பதே மெய். அடுத்த உதாரணம் பொன். மூன்றாவதைச் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நகம் வெட்டும் கருவியை அறிந்தால் இரும்பாலான எல்லாம் அறிந்ததாகும். உருவங்கள் பெயரளவில். இரும்பு என்பதே மெய்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். தூங்காமல் கேட்டார். வெகு நேரம் இருமினார். பிறகு, "தராசும் அதத்தானய்யா சொல்லுது" என்றார். "நானும் முப்பது வருசமா அதத்தான் செய்யுதேன். பேரு, உருவு எல்லாத்தையும் எடுத்துட்டு இரும்ப மட்டும் மிச்சம் வைக்கேன். அப்ப எனக்கு மெய் தெரிஞ்சிருக்கணும்லா?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. கேட்டார். தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஞானியும் இரும்பு என்கிறார், பழைய இரும்பு வியாபாரியும் இரும்பு என்கிறார். இரண்டும் ஒன்றுதானா? ஒன்றில்லை என்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? இருபத்தைந்து வருஷமாக எனக்கு இது ஒன்றுதான் கேள்வி.

2004 வாக்கில் ஃபிளெக்ஸ் வந்து எங்கள் தொழிலைத் துடைத்துவிட்டது. கிடைத்த வேலை பார்த்தேன். 2018-ல், அப்பா போன மறு வருஷம், செம்பூரில் ஒரு கட்டடத்துக்கு லிஃப்ட் பக்கத்தில் பெயர்ப் பலகை எழுதப் போனபோது அங்கே குடியிருந்த ஒரு பெரியவர் நின்று பார்த்தார். 1857-ல் தொடங்கிய ஜே.ஜே. ஆர்ட் ஸ்கூலில் படித்து, டிராயிங் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மராட்டிக்காரர். "உன் கை நேராகப் போகிறது. அது நல்லதுதான். ஆனால் கடல் நேராக இல்லை. ஞாயிற்றுக்கிழமை சிவ்ரி ஜெட்டிக்கு வருகிறாயா?" என்று கேட்டார். ஆயில் பெயின்ட்டில் கடலை வரையக் கற்றுக்கொடுக்கத்தான் கூப்பிட்டார்.

போர்டு எழுதுகிறவர்கள் எனாமலைத்தான் 'ஆயில் பெயின்ட்' என்போம். அதனால் ஆயுசு முழுக்க ஆயில் பெயின்ட்டில் வேலை பார்த்தவன் என்றே என்னை நினைத்திருந்தேன். எனாமல் ஒரே ராத்திரியில் இறுகிவிடும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் அப்படியில்லை. அது ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறுகுகிறது. பூசிய பிறகும் அது மூச்சு வாங்குகிறது என்றார் மாஸ்டர். அடியில் டர்பன்டைன் கலந்து மெலிதாக, மேலே போகப் போக எண்ணெய் கூட்டி. இந்த வரிசை மாறினால் மேல்தோல் முதலில் காய்ந்து, அடியிலிருப்பது பிறகு அசையும்போது வெடித்துவிடும். மும்பை மழைக்காலத்தில் கான்வாஸில் பூஞ்சை பிடிக்கும். வெள்ளையைத் தடிமனாக வைத்துவிட்டால் வாரக்கணக்கில் ஈரம் போகாது.

முதல் ஞாயிறு நான் அலைகளை எழுத்து மாதிரி போட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஓரம், நிழல், மினுக்கு. மாஸ்டர் பார்த்துவிட்டு, "இதில் எந்த அலையைப் பார்த்துப் போட்டாய்?" என்றார். காட்ட முடியவில்லை. நான் காட்ட நினைத்த இடத்தில் வேறு அலை இருந்தது.

"நீ தண்ணீரை வரைகிறாய். தண்ணீருக்குச் சொந்தமாக நிறம் கிடையாது, உருவம் கிடையாது. உன் கண்ணுக்கு வருவது மூன்றுதான். வானம் விழுந்த இடம், அடிச் சேறு தெரிகிற இடம், பக்கத்தில் இருப்பவற்றின் நிழல். அதைப் போடு. தண்ணீர் தானாக வரும்."

மும்பைத் துறைமுகத்துக் கடல் நீலமே கிடையாது. காயல் சேறு கலந்த தவிட்டு நிறம். பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரைனும் கலந்து, வெள்ளை சேர்த்து, துளி மஞ்சள் ஆக்கர் விட்டால் அந்தச் சாம்பல் வரும். சிவ்ரிச் சேற்றில் குளிர் காலம் முழுக்க ஃபிளமிங்கோக்கள் மேயும். அவற்றுக்குப் பின்னால் இப்போது 2024-ல் திறந்த அடல் சேது நீளமாய் ஓடுகிறது. தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள். எல்லாம் ஒரே திசையில் முகம் வைத்திருக்கும். ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வரும்போது கடல் வாயைப் பார்த்து, வற்றத்தில் திரும்பி உள்பக்கம் பார்த்து. யாரும் சொல்லாமல் ஒரு நாளில் நாலு தடவை அத்தனையும் திரும்பும். கப்பல் வரையக் கற்றுக்கொள்கிறவன் முதலில் மணியைப் பார்க்க வேண்டும். ஏற்றத்தில் தொடங்கி வற்றத்தில் முடித்தால் படத்தில் ஒரு கப்பல் ஒரு பக்கமும் இன்னொரு கப்பல் எதிர்ப்பக்கமும் பார்த்துக்கொண்டு நிற்கும்.

அந்த மணியைக் கணக்கிட ஜெட்டியில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு கோலிக் கிழவர் சொல்லிக்கொடுத்தார். திதியை முக்காலால் பெருக்கு. சதுர்த்தி என்றால் மூன்று மணிக்கு ஏற்றம். அஷ்டமி என்றால் ஆறு. அமாவாசைக்குப் பகல் பன்னிரண்டை ஒட்டி. கொஞ்சம் முன்பின் இருக்கும், ஏமாற்றாது. எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரில் நான் அதுவரை திதி பார்த்தது அப்பாவுக்குத் திதி கொடுக்க மட்டும்தான்.

அந்தக் கிழவர் உட்காரும் இடத்துக்குப் பின்னால் ஒரு கல் உண்டு. மூக்கு முழி இல்லாத கல். தலையிலிருந்து அடிவரை செந்தூரம் அப்பியிருக்கும். மராட்டிக்காரர்கள் சேந்தூர் என்பார்கள். மாஸ்டரிடம் அந்த நிறத்தைக் கலந்து காட்டச் சொன்னபோது, பழைய காலத்துச் சேந்தூர் என்பதே ஈயச் செந்தூரம்தான், கப்பலுக்கு அடித்த ரெட் லெட்டும் அதுவேதான் என்றார். நான் சற்று நேரம் பிரஷ்ஷை வைத்துவிட்டேன். அப்பாவின் நெஞ்சை அடைத்த பொடி இங்கே சாமியாகக் கல் மேல் இருக்கிறது. எங்கள் ஊர்ச் சுடலை மாடனுக்கும் முகம் கிடையாது. செங்கல் சுண்ணாம்பில் கூம்பிய பீடம். அதற்குச் சந்தனத்தையும் குங்குமத்தையும் அப்பி, பூ மாலை போட்ட பிறகு பார்த்தால், முகமில்லாத அந்த இடத்திலிருந்து நம்மைப் பார்க்கிற மாதிரி இருக்கும். என் அம்மாவின் பூஜை அலமாரியில் ஒரு பக்கம் பீடத்தின் போட்டோ. மறு பக்கம் லட்சுமி, சரஸ்வதி. அந்த முகங்களுக்கு வழி போட்டவர் ரவிவர்மா. திருவனந்தபுரம் அரண்மனையில் ஆயில் பெயின்டிங்கைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே கற்றவர். 1894-ல் இதே பம்பாயில் அச்சுக்கூடம் வைத்து, ஏழை வீட்டுச் சுவருக்கும் சாமி முகம் கொண்டுவந்தவர். கடலுக்கே முகம் கொடுத்தவர் அவர். ராமன் வில்லோடு பாறை மேல் நிற்க, அலைக்குள்ளிருந்து வருணன் எழுகிற படம். அம்மா பீடத்தையும் முகங்களையும் ஒரே கற்பூரத்தில்தான் கும்பிடுகிறாள். உருவம் உண்டா இல்லையா என்று அவளுக்குச் சண்டை இல்லை. எனக்கு இருந்தது.

விக்ராந்த் விஷயத்தில் அது முற்றியது. 1961-ல் நம் கடற்படையில் சேர்ந்து, 1971 யுத்தத்துக்குப் போன விமானந்தாங்கிக் கப்பல். 1997-ல் ஓய்வு. பிறகு பத்து வருஷத்துக்கு மேல் மும்பையில் மியூசியமாக நின்றது. காப்பாற்ற வேண்டும் என்று வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய்த் தள்ளுபடியானது. 2014 நவம்பரில் தாருக்கானாவில் அறுக்கத் தொடங்கினார்கள். அப்பாவுக்கு எழுபத்தாறு வயசு. கூட்டிக்கொண்டு போ என்றார். உள்ளே விடமாட்டார்கள். வெளியே நின்று கூரைகளுக்கு மேலே தெரிந்த சாம்பல் நிறத் துண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்ல இரும்பு" என்று மட்டும் சொன்னார். அவருக்குத் தெரிந்த மரியாதை அது.

அந்த இரும்பில் கொஞ்சத்தை பஜாஜ் வாங்கி 2016-ல் 'வி' என்ற மோட்டார் சைக்கிளில் சேர்த்தது. பெயர் கொச்சிக்குப் போனது. 2022 செப்டம்பர் 2 அன்று நம் நாட்டிலேயே கட்டிய புதிய விமானந்தாங்கிக்கு அதே விக்ராந்த் என்ற பெயர். தமிழில் பேரன் என்பதே பெயரன்தான், தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். அப்படி ஒரு பேரன் அது. இரும்பு ஒரு வழியில் பிழைத்தது, பெயர் ஒரு வழியில் பிழைத்தது. அந்த உருவம்? தளத்தின் முன்நுனி மேல்நோக்கி வளைந்திருந்த அந்த ஒரு வளைவு? அது எங்கும் போகவில்லை, எதிலும் ஏறிக்கொள்ளவில்லை. பார்த்தவர்கள் கண்ணில் இருக்கிறது, அவர்கள் போகும்போது போய்விடும். மூன்றில் மிகவும் ஏழை உருவம்தான் என்று அன்றைக்குப் பட்டது.

மாஸ்டர் ஒரு தடித்த புத்தகத்தில் டர்னரின் படம் காட்டினார். டிரஃபால்கர் யுத்தத்தில் நின்ற டெமெரேர் என்ற 98 பீரங்கிக் கப்பலை 1838-ல் தேம்ஸ் நதியில் உடைக்க இழுத்துப் போகிறார்கள். மறு வருஷம் டர்னர் அதை வரைந்தார். கறுத்த ஸ்டீமர் முன்னால் புகையோடு இழுக்க, பின்னால் வெளுத்த பொன் நிறத்தில் உயர்ந்த பாய்மரங்களோடு டெமெரேர். நிஜத்தில் அந்தப் பாய்மரங்களை அதற்கு முன்பே கழற்றி எடுத்துவிட்டார்களாம். இழுத்துப் போனது வெறும் உடல்தான்.

"அப்போது இது பொய்யா?" என்று கேட்டேன்.

மாஸ்டர் பதில் சொல்லவில்லை. "ஐவஸோவ்ஸ்கி என்று ஒரு ரஷ்யக் கடல் ஓவியர், ஆறாயிரம் படம் வரைந்தவர். கடலைப் பார்த்துக்கொண்டே வரைய மாட்டார். ஓடுகிற அலையைப் பிரஷ் பிடிக்காது, மனசில் நின்றதைத்தான் வரைய முடியும் என்று அறைக்குள் உட்கார்ந்து வரைவார்" என்றார். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் ஜெட்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். குலசேகர ஆழ்வார் ஒரு பாட்டில் தம்மைக் கப்பல் பறவைக்கு ஒப்பிட்டது நினைவுக்கு வந்தது. நடுக்கடலில் பறந்து நாலு பக்கமும் கரை காணாமல் மறுபடி கப்பலின் கூம்பிலேயே வந்து உட்காருகிற பறவை. சின்ன வயசில் கேட்டபோது பறவையைத்தான் பார்த்தேன். இப்போது கூம்பைப் பார்த்தேன். கூம்பு என்பது பாய்மரம். மெய்யாகப் பார்த்தால் அது மரம்தான். ஆனால் களைத்து வந்த பறவை 'மரம்' என்ற பொதுப் பொருளின் மேல் உட்கார முடியாது. உயரமாய், நேராய், அந்த நேரத்தில் அந்த இடத்தில் நிற்கிற ஒரு மரத்தின் மேல்தான் உட்கார முடியும். அதற்குப் புகல் தந்தது உருவம். டர்னர் கழற்றிய கூம்பைத் திரும்ப நட்டுவைத்தார் என்றால், அது யாரோ ஒரு பறவைக்காக என்று எனக்குத் தோன்றியது.

அன்று ராத்திரிதான் உத்தாலகரிடம் திரும்பப் போனேன். இத்தனை வருஷம் நான் கவனிக்காத ஒன்று. அவர் மகனிடம் பானையை உடைக்கச் சொல்லவே இல்லை. நகைகளை உருக்கச் சொல்லவில்லை. பானை பானையாக இருக்கும்போதே மண்ணை அறி என்கிறார். அதே அத்தியாயத்தில் உப்பைத் தண்ணீரில் போடச் சொல்லி, மறுநாள் மேலேயிருந்து குடி, நடுவிலிருந்து குடி, அடியிலிருந்து குடி என்கிறார். தண்ணீரைக் காய்ச்சி உப்பை எடுத்துக் காட்டவில்லை. தராசுக்கு இரும்பு தெரிய வேண்டுமானால் கப்பல் போயாக வேண்டும். உத்தாலகருக்குக் கப்பல் கப்பலாகவே நிற்கும்போது இரும்பு தெரிகிறது. அப்பா கேட்ட கேள்விக்கு என்னிடமிருக்கும் பதில் இவ்வளவுதான். அதைச் சொல்ல அவர் இல்லை. அதுவும் ஓர் அப்பனும் மகனும் உட்கார்ந்து பேசியதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது 1987 கப்பலை வரைந்துகொண்டிருக்கிறேன். போட்டோ கிடையாது. மனசில் நின்றதுதான். நங்கூரத் துளையிலிருந்து வழிகிற துருக் கோடு வரைக்கும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அதன் பக்கத்தில் பதினோரு நாள் தொங்கியிருக்கிறேன். அந்தத் துருவுக்கு பர்ன்ட் சியன்னா. டியூபைப் பிதுக்கும்போது மாஸ்டர் சொன்னார். ஆக்கர், சியன்னா, அம்பர் மூன்றும் பூமியிலிருந்து தோண்டி எடுத்த மண். அவற்றுக்கு நிறம் கொடுப்பது இரும்புத் துரு. அப்படியென்றால் நான் துருவின் சாயலைப் பூசவில்லை. துருவையே பூசுகிறேன். உத்தாலகரின் முதல் உதாரணமும் மூன்றாவது உதாரணமும் என் கையில் ஒரே டியூபில் இருந்தன. அதை நங்கூரத் துளைக்குக் கீழே ஓரிழையாக இழுத்தேன். மேலே அழுத்தி, கீழே வரவர விட்டுக்கொடுத்து. கப்பல் வந்தது.

பெயர் மிச்சமிருந்தது. வெள்ளையில் எழுதினால் புதுக் கப்பல் ஆகிவிடும். எழுதாமல் விட மனசு வரவில்லை. கடைசியில், துருவையும் உடல் நிறத்தையும் கலந்து, கத்தி நுனியால் வெல்டிங் ஓட்டிய மாதிரியே எழுத்தின் ஓரத்தை மட்டும் புடைப்பாக வைத்தேன். நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது நிழல் கட்டும். 'ஆர்' எழுத்தின் கால் நடக்கப் போகிற மாதிரியே வந்தது. அதற்கு நான் முயற்சி செய்யவில்லை.

ஆடி பிறந்து மழை விடவே இல்லை. மூன்று வாரம் ஃபேனுக்கு நேரே வைத்திருந்தேன். அமாவாசையன்று திதி கொடுத்துவிட்டு வந்தபோது அம்மா படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கல். மூக்கு படத்தில் இடிக்கும் அளவுக்குக் குனிந்திருந்தாள். வலது கை விரல் கப்பலின் முன்பக்கத்தைத் தடவிக்கொண்டு போனது.

"ஏய்யா, இது என்ன மேடு மேடா இருக்கு? எழுத்தா?"

"ஆமாம்மா. பேரு."

"அவுக சுத்தி அறுத்தாகளே, அந்தப் பேரா?"

"அதேதான்."

முதல் எழுத்திலிருந்து மறுபடி தொடங்கி, ஒவ்வொன்றாகத் தடவிக் கடைசிவரை வந்தாள். நின்றாள்.

"இங்கன மட்டும் இன்னும் ஈரமா இருக்குதே" என்றாள்.

மேல்தோல் காய்ந்திருந்தது. தடிமனாக வைத்த இடத்தில் உள்ளே காயவில்லை. விரலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நுனியில் பொட்டளவு துரு ஒட்டியிருந்தது.